விஜயன் போன பத்து வீடு

விஜயனைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய கைபேசியில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளிலிருந்து தொடங்க வேண்டும். விரல்நகம் அளவுதான் இருக்கும். சிங்கப்பூரில் அவன் வேலை பார்த்த கப்பல் பட்டறையில், காலையில் உள்ளே நுழையும்போது கேமராவின் கண்மேல் அதை ஒட்டிவிடுவார்கள். மாலையில் வெளியே வரும்போது கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே எதையும் படம் எடுக்கக் கூடாது. பதினாறு வருடம் அப்படி. மற்றவர்கள் வாசலைத் தாண்டியதும் அதைப் பிய்த்துப் போட்டுவிடுவார்களாம். விஜயன் அப்படியே விட்டுவிடுவான். அவனுக்கு வெளியில் படம் எடுக்கும் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு அவன் மருமகன் முறை. அவனுடைய அப்பா வேலுவும் நானும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அம்மா ராசம்மா ஆயர் ஈத்தாமில் பிறந்தவள், சதாசிவத்தின் அக்காள். ஒரே பிள்ளை இவன். இருபத்தொன்பது வயதில் குளுவாங்கில் ஒரு பெண் பார்த்தோம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொன்ன அதே வாரத்தில் வேலுவுக்குக் கையும் காலும் விழுந்துவிட்டது. அவர்கள் வந்தார்கள், படுத்திருந்தவனைப் பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள். பதில் வரவில்லை. வேலு போனான். கொஞ்ச வருடத்தில் ராசம்மா படுத்தாள். ஆறு வருடம். பகலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா பார்த்துக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் இவன்தான் பார்த்தான். ராசம்மாவை எரித்துவிட்டு வந்தபோது இவனுக்கு நாற்பத்திரண்டு. கூலாயில் நாலாவது மாடி வீட்டில் தனியாகச் சோறு வடித்துச் சாப்பிட்டுக்கொண்டு, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் வெல்டிங் அடித்துவிட்டு வந்துகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொந்தக்காரர் வீட்டு வேலை. இரும்பு வாங்கி வைத்தால் போதும், வாசல் கேட்டு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்து மாட்டிவிட்டுப் போவான். கூலி வாங்க மாட்டான். சோறு போட்டால் சாப்பிடுவான். படம் எடுத்ததில்லை, எழுதி வைத்ததில்லை. சொந்தக்காரன் வீட்டில் செய்ததை யார் எழுதி வைப்பார்கள்?

போன நவம்பரில் பட்டறையில் வேலை முடிந்தது என்று ஆட்களைக் குறைத்தார்கள். இவனையும் அனுப்பிவிட்டார்கள். இதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. தினமும் வழக்கம்போல நாலரைக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவான். பாலத்துக்குப் போகாமல் மீரா சாகிபு கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். கூலாய் பழைய கடைத்தெருவில் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் சாப்பாட்டுக்கடை அது. அங்கே வைஃபை உண்டு. இழுத்து ஆற்றிய ஒரு தே தாரேக் தேநீரை நாலு மணி நேரம் வைத்துக் குடித்தபடி, இணையத்தில் வேலை தேடுவான். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வருவான். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவுக்குக்கூட மூன்று மாதம் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எனக்குப் போன் செய்தான்.

"அத்த, நான் யார் யாருக்கு கேட்டு செஞ்சு குடுத்தேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு ஞாபகம் இல்லாம யாருக்கு இருக்கும்? எதுக்குடா?"

வேலை போனதையும் கடையில் உட்கார்ந்திருப்பதையும் ஒரே மூச்சில் சொன்னான். செடெனாக்கில் எண்ணெய்ப்பனையை அழித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கிற பெரிய பெரிய கட்டடங்கள் எழுப்புகிறார்கள் அல்லவா, அதற்கு இரும்புப் படிக்கட்டும் கைப்பிடியும் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். வயதைக் கேட்டும் வேண்டாம் என்று சொல்லாத ஒரே இடம் அதுதானாம். ஆனால் அந்த ஆபீஸ் பெண் ஒரு 'போர்ட்ஃபோலியோ லிங்க்' கேட்டிருக்கிறாள். செய்த வேலையையெல்லாம் படமாகக் கோத்து, எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதி, இணையத்தில் ஒரு பக்கமாக வைத்து அனுப்ப வேண்டும். குறைந்தது பத்து வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள்.

"கப்பல்ல செஞ்சதெல்லாம்?"

"ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்களே அத்த. ஒரு படம்கூட இல்ல. கப்பலும் போயிடுச்சு."

ஆக, அவன் கையில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை வேலை மட்டும். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான்.

"உங்க தாய்மாமன் சதாசிவம் வீட்டு கேட்டு. வாசுகியோட மூத்த மக பெரியவளான வருஷம்."

"அது எந்த வருஷம் அத்த? நம்பர் வேணும்."

"வெள்ளம் வந்ததுக்கு மறுவருஷம்."

"ரெண்டாயிரத்து எட்டு. சொல்லுங்க."

"மூவார்ல கமலநாதன் வீட்டு கேட்டு. அவன் மாமியா செத்த மாசம். சடங்குக்குள்ள மாட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னான்ல?"

இப்படியே சாவையும் சடங்கையும் வைத்துப் பத்து வீட்டை எண்ணிக் கொடுத்தேன். கடைசியில் அவன் ஒன்று கேட்டுக்கொண்டான்.

"எல்லாரும் வீட்ல இருக்காங்களான்னு நீங்க ஒரு போன் போட்டுருங்க அத்த. போயிட்டுத் திரும்பினா பெட்ரோல் வீணு. ஆனா வேல இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க. அம்மா சாவுக்கு வந்தப்பவே பாவமாப் பாத்தாங்க. இன்னொருவாட்டி வேணாம்."

நான் போன் போட்டேன். என்ன சொல்வது? பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையும் சொல்லக் கூடாது. "விஜயன் வர்றான், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வீட்ல இருங்க. நல்ல விஷயமாத்தான் வர்றான்" என்று பத்து வீட்டுக்கும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம்மவர்கள் எப்போது அப்படிச் சொல்லி அனுப்புவார்கள் என்பது எனக்கல்லவா முதலில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்? எத்தனை கல்யாணத்துக்கு நானே அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஆயர் ஈத்தாம். சட்டிபானைக் கடைகளைத் தாண்டி உள்ளே திரும்பினால் நாலாவது வீடு சதாசிவத்தினுடையது. விஜயன் போய் இறங்கியபோது கேட்டு அகலத் திறந்திருந்தது. கூடத்தில் புதுப்பாய். சதாசிவம் வேட்டியில் நின்றிருந்தான். அவன் மனைவி வாசுகி குளித்துப் பூ வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள்.

"வாங்க மாப்ள. உக்காருங்க."

"கேட்டப் பாத்துட்டு வந்துர்றேன் மாமா."

"கேட்டு எங்க ஓடிப் போவுது? உக்காருலா மொதல்ல. பாயில உக்காரு. கெழக்கப் பாத்து."

அவன் உட்கார்ந்தான். இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து அவனுடைய பையைப் பார்த்தார்கள். தாம்பாளம் வெளியே வரும், வெற்றிலை பாக்கு வரும், பத்திரிகை வரும் என்று பார்த்தார்கள். அப்பா அம்மா இல்லாத பிள்ளை, அதனால் அவனே வைக்க வருகிறான் என்று முதல்நாளே பேசி முடித்திருந்தார்கள். விஜயன் பையைத் திறந்து ஒரு கம்பி பிரஷ்ஷையும் பழைய துணியையும் எடுத்தான்.

வாசுகிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "தட்டு கொண்டாரலயா தம்பி?"

"என்ன தட்டு அத்த?"

"இப்பல்லாம் தட்டு ஏதுடி? எல்லாம் போன்ல லிங்க்குதான்" என்றான் சதாசிவம். "லிங்க்குதானே மாப்ள?"

"ஆமா மாமா. வெள்ளிக்கிழமதான் ரெடியாவும்" என்றான் இவன், மாமாவுக்கு எப்படித் தெரிந்தது என்று குழம்பியபடி. வேலை போனதை அத்தை சொல்லிவிட்டாள் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு போய்க் கேட்டைத் தேய்க்க ஆரம்பித்தான். அவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கேட்டில் துரு இல்லை. ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தானாம். பிறகு கேமராமேல் இருந்த கடைசிச் சிவப்புத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, முதல் படம் எடுத்தான்.

அங்கிருந்து மூவார். கமலநாதன் இவனுடைய சொந்த அத்தை மகன். நாற்காலி மேசை செய்யும் பட்டறையில் முப்பது வருடம் இருந்து, இப்போது சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். வீட்டு வாசலில் தானாகத் திறக்கும் புதுக் கேட்டு.

"கோச்சுக்காத மச்சான். மக காரு வாங்குனா, பட்டன் அமுக்கினா தொறக்கணும்னா. ஒன்னோடது பின்னால இருக்கு."

பின்னால் போனால், கேட்டின் ஒரு பாதி கோழிக்கூண்டுக்குச் சுவராக நின்றது. மறுபாதியில் பாகல் படர்ந்திருந்தது. விஜயன் இலையை ஒதுக்கிப் பார்த்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்தும் ஓர் இணைப்புகூட விடவில்லை. கோழியை விரட்டினான், அது போகவில்லை. கோழியோடு சேர்த்துத்தான் அந்தப் படம் வந்தது.

கமலநாதன் அவனை விடவில்லை. பெண்டாட்டியிடம் சொல்லி மீன் வாங்கிவரச் செய்து, வாழையிலை போட்டு, இரண்டு பேரும் நின்று பரிமாறினார்கள்.

"கட்டில் என் பொறுப்பு மச்சான். மறுபேச்சு பேசக் கூடாது. ஆறடிக்கு அஞ்சடி. நல்ல மரமா நானே பாத்துச் செய்றேன்."

விஜயனுக்குப் புரியவில்லை. தான் தரையில் பாய் போட்டுப் படுப்பது யார் மூலமோ கமலநாதனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் மனசு குளிர்ந்துதான் வந்தான். ராசம்மா போன பிறகு ஒரு வீட்டில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டது அன்றுதான்.

திங்கட்கிழமை செனாயில் பிரேமலா வீடு. வேலுவின் தம்பி மகள், இவனுக்குத் தங்கை. ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவில் வேலை. சுற்றி வளைக்கத் தெரியாதவள். அவன் ஜன்னல் கிரில்லுக்கு எதிரே குனிந்து நின்றபோது பின்னால் வந்து கேட்டாள்.

"அண்ணே, கிரில்ல அப்புறம் எடுக்கலாம். மொதல்ல அண்ணி போட்டோவக் காட்டுங்க."

"எந்த அண்ணி?"

"அலமாக், நடிக்காதீங்க. குடும்பக் குரூப்பு பூரா இதே பேச்சு. பத்திரிக வைக்கத்தானே சுத்திக்கிட்டு இருக்கீங்க? ராசம்மா பெரியம்மா இருந்து பாக்கக் குடுத்து வைக்கல."

அப்போதுதான் அவனுக்குப் பாயும் மீனும் கட்டிலும் விளங்கின. கையில் கைபேசியோடு நின்றான். இல்லை என்று சொன்னால் எதற்கு வந்தாய் என்பாள். வேலைக்கு என்றால் வேலை என்ன ஆயிற்று என்பாள். அவன் சொன்ன பதில் ஒரே வார்த்தை.

"பாப்போம்மா."

அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பால்காய்ச்சி முறுக்குத் தட்டோடு வந்தாள்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"என்ன அத்த சொன்னீங்க அவங்ககிட்ட?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. "இப்பவே எல்லாருக்கும் போன் போட்டு இல்லன்னு சொல்லிர்றேன்யா" என்றேன்.

"வேணாம் அத்த. இன்னும் ஏழு வீடு இருக்கு. வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்கட்டும்."

"பொய்யாச்சேடா."

"நான் ஒண்ணும் சொல்லலியே." போனை வைக்கும் முன் சொன்னான்: "மூவார்ல எல போட்டு சோறு போட்டாங்க அத்த. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு."

மிச்சம் ஏழு வீட்டுக்கும் போனான். எல்லா வீட்டிலும் பாய் விரித்திருந்தார்கள். ஒரு வீட்டில் வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் அவன் தலையில் கைவைத்து, வேலு மாதிரியே இருக்கிறாய் என்றாராம். இவன் போன இடத்தில் எல்லாம் படம் எடுத்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை எது செய்தாலும் கேட்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை மீரா சாகிபு கடையில் உட்கார்ந்து இணையப் பக்கத்தைக் கட்ட ஆரம்பித்தான். காசில்லாமல் கிடைக்கும், முன்பே வடிவமைத்த பக்க அச்சுகள் சில இருந்தனவாம். அதில் கைபேசியில் சரியாக வந்தது ஒன்றுதான். சுற்றிலும் இலையும் பூவும் போட்ட ஓரம், நடுவில் பெயரைப் பெரிதாக எழுதும் இடம், கீழே 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி. படங்களைப் போட்டு, வருடமும் வீட்டு விலாசமும் எழுதினான். அதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. 'உங்களைப் பற்றி' என்ற கட்டத்தில்தான் பாதி நாள் போயிற்று. அதற்கும் எனக்குப் போன்.

"என்னப் பத்தி என்ன அத்த எழுதறது?"

"யார் மகன், எந்தத் தோட்டத்துல பொறந்த, தாத்தா யாரு, அதெல்லாம் எழுது."

"அதெல்லாம் அவங்களுக்கு வேணாம் அத்த. நான் எப்படிப்பட்ட ஆளுன்னு கேக்கறாங்க."

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மனிதனைப் பற்றிக் கேட்டால் அவன் யாருக்கு என்ன உறவு என்றுதான் எனக்குச் சொல்ல வரும். கடைசியில் மலாயில் மூன்று வரி எழுதினான். 'என் பெயர் விஜயன். இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் செய்கிறேன். வேலைக்குத் தாமதமாக வந்ததில்லை.'

வேலை செய்வது போல ஒரு படமும் வேண்டும். கடைக்குப் பின்னால் உடைந்து கிடந்த அடுப்புக் கால் ஒன்றை ஒட்டுவதற்கு மீரா சாகிபு முன்பே சொல்லியிருந்தார். இவன் கைபேசியை ஒரு பெயின்ட் டின்மேல் சாய்த்து வைத்து, பத்து விநாடியில் தானே எடுக்கும்படி செய்துவிட்டு, முகமூடியை இறக்கிக்கொண்டு பற்றவைத்தான். மூன்று தடவை. மூன்றிலும் முகமூடியும் பொறியும்தான்.

மீரா சாகிபு எட்டிப் பார்த்தார். "இது யாரு தம்பி? நீங்களா, நம்ம ரொட்டி போடறவனா? முகத்தக் காட்டாம யாரு வேல குடுப்பா? குடுங்க இங்க."

சுவரோரம் நிறுத்தி, வெள்ளைச் சட்டையில் ஒரு படம் எடுத்தார்.

"சிரிங்க."

"சிரிக்கிறேன் பாய்."

"இதுதான் சிரிப்பா? சரி, போகட்டும்."

அந்த முகம் பூ ஓரத்துக்கு நடுவில், பெயருக்கு மேலே போய் உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லிங்க்கை அனுப்பிவிட்டான்.

பிரேமலா தன் வீட்டுக் கிரில் படத்தில் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டிருந்தாள். அவளுக்கும் ஒன்று அனுப்பினான். அவள் திறந்து பார்த்தாள். பூ ஓரம், வெள்ளைச் சட்டை, பெயர், எழுதியனுப்பும் பெட்டி. அப்படியே குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டாள்: 'விஜயன் அண்ணன் லிங்க் வந்தாச்சு.'

சனிக்கிழமை காலை கடையில் உட்கார்ந்திருந்தவனுக்கு முதல் மின்னஞ்சல் வந்தது. கம்பெனிதான் என்று அவசரமாகத் திறந்தான். 'வாழ்த்துகள் மாப்ள. நாங்க நாலு பேர் வருவோம். பொண்ணு படம் எங்கே?' அடுத்தது: 'அஞ்சு பேர். தேதி போடலையே?' அடுத்தது: 'மூணு பேர், அம்மா சைவம்.' மத்தியானத்துக்குள் ஒன்பது வந்துவிட்டன. பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் எண் நூற்று நாற்பதைத் தாண்டியது. கேட்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பெண்ணைத் தேடியிருக்கிறார்கள்.

கம்பெனியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஞாயிறு வரவில்லை. திங்கள் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சதாசிவம் எனக்குப் போன் செய்தான். குரல் கூரையில் நின்றது.

"அக்கா, பொண்ணு வீட்ல வந்து விசாரிச்சிட்டுப் போயிட்டாங்க!"

"எந்தப் பொண்ணுடா?"

"மறைக்காதீங்க. சீனப் பொண்ணுதானே? அப்பன்காரன் வந்தான். வாசல்ல கார நிறுத்திட்டு நம்ம கேட்டையே பாத்துக்கிட்டு நின்னான். ஆட்டிப் பாக்கறான், குனிஞ்சு பாக்கறான். நம்மள மாதிரியே வீடு வாசல்லாம் பாத்துதான் குடுப்பான் போல. விஜயன் பேரச் சொல்லி, இவன எத்தன வருஷமாத் தெரியும்னு மலாயில கேட்டான். பொறந்ததுலேர்ந்துன்னு சொன்னேன். நான் விடல. கூப்பிட்டு உக்கார வச்சுட்டேன். பையன் குடிக்க மாட்டான், அம்மாவ ஆறு வருஷம் தூக்கிக் குளிப்பாட்டினான், ஒரு நாள் வேலைக்கு லேட்டாப் போனதில்ல, எல்லாம் சொல்லிட்டேன். எப்படிக் கேட்டுக்கிட்டான் தெரியுமா! ஒங்க பொண்ண நல்லா வச்சுப்பான்னு கையப் புடிச்சு சொல்லி, ஒரு சீப்பு வாழப்பழம் குடுத்து அனுப்பிச்சேன்."

உடனே விஜயனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பொண்ணு வீட்டு ஆளு எங்கிருந்து வரும் அத்த?" என்றான். "அது கம்பெனிக்காரரு. வேற யாரு வந்து கேட்ட ஆட்டிப் பாக்கப் போறா? முடிஞ்சுது."

முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். வேலைக்கு ஆள் விசாரிக்க வந்தவனிடம் மகளைக் கேட்டால் எவன் வேலை கொடுப்பான்?

புதன்கிழமை கூப்பிட்டார்கள். செடெனாக்கில் அந்தப் பட்டறையில், கோலாலம்பூரிலிருந்து வரும் வழியில் ஆயர் ஈத்தாமில் இறங்கிப் பார்த்த அதே மனிதர்தான் மேனேஜர். மேசையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. லிங்க் அனுப்பிய மற்றவர்கள் எல்லாரும் புதிதாகச் செய்த வேலையைத்தான் போட்டிருக்கிறார்கள், இவன் ஒருவன் மட்டும் பதினாறு பதினேழு வருடத்துக் கேட்டைப் போட்டிருந்தான், நிஜமா என்று பார்க்கத்தான் போனேன் என்றாராம்.

"நெசமாத்தான் நிக்குது" என்றார் மலாயில். "ஆனா உங்க மாமாகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. எனக்கு ரெண்டும் பையன்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். விஜயனும் சிரித்தான். பிறகு இரண்டு இரும்புத் தகட்டைக் கொடுத்து ஒட்டிக் காட்டச் சொன்னார்கள். ஒட்டினான். மாதம் பிறந்ததும் வரச் சொல்லிவிட்டார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. இனிக் கல்யாணத்தை நிறுத்த வேண்டும்.

"நீங்களே சொல்லிருங்க அத்த. என்னால முடியாது" என்றான். ஆரம்பித்தவள் நான். பத்து வீட்டுக்கும் மறுபடியும் போன் போட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன்.

சதாசிவம் முதலில் வாழைப்பழத்துக்காக வெட்கப்பட்டான். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "மூணு மாசமா வேல இல்லாம இருந்தானா? பாயில உக்காந்து காப்பி குடிச்சானே. எங்கிட்டகூடச் சொல்லலியே அக்கா." வாசுகி பின்னாலிருந்து, "கேட்டாத்தானே சொல்லும் புள்ள. நாம என்னைக்குக் கேட்டோம்?" என்றது எனக்குக் கேட்டது. பிரேமலா அழுதாள், குரூப்பில் போட்டதை அழித்துவிட்டாள். மற்ற வீடுகளில், அப்படியா, சரி சரி, வேலை கிடைத்ததே போதும் என்றார்கள். யாரும் கோபப்படவில்லை. குரூப்பில் இரண்டு நாள் பேச்சே இல்லை. அப்புறம் யாரோ பேரப்பிள்ளை படம் போட, எல்லாரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள். விஜயன் வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

கமலநாதன் மட்டும் கட்டிலை அனுப்பிவிட்டான். செய்தாகிவிட்டது, திருப்பி என்ன செய்ய என்றானாம். நாலு மாடி தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். அறையில் அது போக நடக்க இடமில்லை. ஒரு பக்கம் படுக்கிறான். மறுபக்கம் துவைத்த துணிகளை மடித்து வைக்கிறான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். என் கேட்டுக் கீல் சத்தம் போடுகிறது என்று எண்ணெய் விட வந்தான். விட்டுவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தான். கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். எண் நூற்று அறுபத்தெட்டில் நின்றிருந்தது.

"வேல கெடச்சிருச்சே, இன்னும் எதுக்குய்யா வச்சிருக்க?"

"இருக்கட்டும் அத்த." மின்னஞ்சல்களைத் திறந்தான். ஒன்றையும் அழிக்கவில்லை. 'நாலு பேர் வருவோம்', 'அஞ்சு பேர்', 'அம்மா சைவம்' எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டு போனான்.

"கூட்டிப் பாத்தேன் அத்த. முப்பத்தேழு பேர் வர்றதா இருந்தாங்க."

அவன் அதை எத்தனை தடவை கூட்டியிருப்பான் என்று நான் கேட்கவில்லை. டம்ளரை வாங்கிக் கொண்டேன்.

"என்னைச் சேத்தியா?" என்றேன்.

"இல்ல அத்த. நீங்க எழுதலியே."

"அப்ப முப்பத்தெட்டு."